கேம்பல் என்கிற மக்ரெகர்

17-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தின் ஆவணங்களில் மக்ரெகர் என்ற பெயரைத் தேடினால், அது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் அகப்படும். ஒன்று, குற்ற விசாரணைப் பதிவுகள். இன்னொன்று, வேறொரு பெயரின் வால். நம் ஊர்ப் பத்திரங்களில் 'என்கிற' போட்டு ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் எழுதுவார்களே, அதைப் போல 'கேம்பல் என்கிற மக்ரெகர்', 'டிரம்மண்ட் என்கிற மக்ரெகர்' என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொள்வதே மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்த காலம் அது. தடை 1603 முதல் 1661 வரை ஒரு முறை, 1693 முதல் 1774 வரை இன்னொரு முறை இருந்தது. இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 140 ஆண்டுகள்.

ஒரு குடும்பப் பெயரின் வரலாற்றைச் சொல்பவர்கள் அது பிறந்த ஊரில் ஒரு புள்ளி வைத்து, அது போன இடங்களுக்கெல்லாம் கோடு இழுப்பார்கள். மக்ரெகருக்கு அப்படி இழுக்க முடியாது. கோடு நடுவில் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. ஆட்கள் என்னவோ அதே பள்ளத்தாக்குகளில்தான் இருந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், மாடு மேய்த்தார்கள். ஏட்டில் மட்டும் அவர்கள் வேறு யாரோ. இந்தப் பெயரின் பயணத்தைப் புரிந்துகொள்ள, பெயர் காணாமல் போன அந்தக் காலத்தில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். ஸ்காட்லாந்து மலைநாட்டின் மொழியான கேலிக்கில் 'மக்' என்றால் மகன். 'கிரிகர்' என்பது கிரெகரியின் கேலிக் வடிவம். லத்தீனில் கிரிகோரியஸ், அதன் கிரேக்க வேருக்கு விழித்திருப்பவன் என்று பொருள். ஆக, மக்ரெகர் என்றால் கிரிகரின் மகன். மகளுக்கு 'மக்' வராது, 'நிக்' வரும். மக்ரெகர் வீட்டுப் பெண் கேலிக்கில் நிக் கிரிகர். ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாக்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'மக்' என்றே போட்டுவிட்டார்கள்.

ஆரம்பத்தில் இது நம்முடைய இனிஷியல் மாதிரிதான் இருந்தது. தகப்பன் பெயர் மகனுக்கு வரும், அவன் மகனுக்கு அவன் பெயர் வரும், தலைமுறைதோறும் மாறும். பிறகு ஒரு கட்டத்தில் ஒரு மூதாதையின் பெயரோடு நின்றுவிட்டது. மக்ரெகர்களுக்கு அந்த மூதாதை 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரிகர். அவருக்குப் பின் தலைவரானவர் 'ஒற்றைக்கண்' இயான். 9-ஆம் நூற்றாண்டின் அல்பின் அரச வம்சத்திலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்று மக்ரெகர்கள் பெருமையாகச் சொல்வார்கள். 'என் குலம் அரச குலம்' என்பதுதான் அவர்களுடைய குலவாக்கு. ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதானால் கிரிகரிலிருந்தும் இயானிலிருந்தும்தான் தொடங்க முடியும்.

ஆங்கிலத்தில் 'மக்' என்பதை Mac என்று முழுதாக எழுதினால் ஸ்காட்லாந்துக்காரர், நடு எழுத்தை விட்டு Mc என்று சுருக்கினால் அயர்லாந்துக்காரர் என்று ஒரு நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது. அதில் உண்மை இல்லை. இரண்டும் ஒரே சொல். எழுதியவரின் கைப்பழக்கம்தான் வேறு. ஒரே ஆளின் பெயர் திருமணப் பதிவில் ஒரு விதமாகவும் கல்லறைக் கல்லில் இன்னொரு விதமாகவும் இருப்பது சாதாரணம். எழுத்தை மட்டும் வைத்து, 'இது எங்கள் கிளை இல்லை' என்று யாரையும் ஒதுக்கிவிடக் கூடாது.

மக்ரெகர்களின் மண் என்று சொல்ல வேண்டுமானால், மேற்கில் 'ஆ' என்ற ஏரியின் தலைமாட்டில் இருக்கும் கிளென் ஆர்க்கி, கிளென் ஸ்ட்ரே என்ற பள்ளத்தாக்குகள். அப்புறம் கிழக்கே கிளென் லயன், ரன்னக், பல்விதர். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் ராபர்ட் புரூஸ் 'ஆ' ஏரிப் பக்கத்து உரிமையைக் கேம்பல்கள் என்ற இன்னொரு குலத்தாருக்கு எழுதிக்கொடுத்தார். அங்கே முளைத்ததுதான் பின்னால் வந்த அத்தனைக்கும் வேர். மலைநாட்டு வழக்கத்தில் நிலத்துக்கு இரண்டு விதமான உரிமை சொல்லுவார்கள். ஒன்று வாளின் உரிமை, அதாவது தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து காத்த உரிமை. மற்றது ஆட்டுத்தோலின் உரிமை, அதாவது அரசர் தோலில் எழுதி முத்திரை வைத்துக்கொடுத்த பத்திரம். மக்ரெகர்களிடம் முதலாவது இருந்தது. கேம்பல்களிடம் இரண்டாவது இருந்தது. காலம் போகப் போக நீதிமன்றத்தில் செல்லுபடியானது ஆட்டுத்தோல்தான்.

இரு குலத்தாரும் எப்போதும் அடித்துக்கொண்டே இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கிளென் ஆர்க்கிக் கேம்பல்களுக்கு மக்ரெகர்கள் வலதுகை போல இருந்தார்கள். பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள், ஒருவர் பிள்ளையை மற்றவர் வளர்த்தார்கள். 'சாம்பல்நிறக் காலின்' என்று அழைக்கப்பட்ட காலின் கேம்பல் தலைவரான பிறகு அது முறிந்தது. கிளென் ஸ்ட்ரேயின் வாரிசான செம்மயிர் கிரிகருக்கு அவருடைய பரம்பரை நிலத்தைத் தர காலின் மறுத்தார். கிரிகர் தலைமறைவாகிப் பல ஆண்டுகள் சண்டையிட்டார், பிடிபட்டார், 1570 ஏப்ரலில் தலை துண்டிக்கப்பட்டார். அவர் மனைவி மேரியனும் ஒரு கேம்பல்தான், கிளென் லயன் கேம்பலின் மகள். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கணவனைக் கொன்ற தன் சொந்தக் குலத்தைச் சபித்து அவர் பாடியதாகச் சொல்லப்படும் ஒப்பாரியை கேலிக் மொழி பேசுகிறவர்கள் இன்றும் பாடுகிறார்கள். அது ஒப்பாரியாகவும் தாலாட்டாகவும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். இந்தப் பெயரைப் பற்றி எழுதும்போது ஒரு சட்டத்தையோ ஒரு போரையோவிட அந்தப் பெண்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறார்.

நிலம் போன பிறகு நடந்தது எதிர்பார்க்கக்கூடியதுதான். நிலமில்லாத குலம் மாடு ஓட்டிப் பிழைத்தது, கொள்ளையடித்தது, பெரியவர்களின் சண்டைக்கு ஆள் போனது. 1589-இல் அரச வனக்காவலர் ஒருவரைக் கொன்ற பழி அவர்கள் மேல் விழுந்தது. 1603 பிப்ரவரி 7-ஆம் தேதி, லோமண்ட் ஏரிக்கு மேற்கே கிளென் ஃப்ரூயின் பள்ளத்தாக்கில் கஹூன் குலத்தாரோடு மோதினார்கள். கஹூன் தரப்பில் 140 பேர் வரை செத்தார்கள். மக்ரெகர்கள் பக்கம் இழப்பு மிகக் குறைவு. வென்றவர்களுக்கு அந்த வெற்றியே எமனாக வந்தது.

அரசர் ஆறாம் ஜேம்ஸ் அப்போது லண்டனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மார்ச் 24-இல் எலிசபெத் இறந்துவிட்டார், இங்கிலாந்தின் முடி இவர் தலைக்கு வந்துவிட்டது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 3-ஆம் தேதி, அவருடைய மன்றம் ஒரு சட்டம் போட்டது. மக்ரெகர் என்ற பெயர் முற்றாக ஒழிக்கப்படுகிறது. அந்தப் பெயரை உடையவர்கள் வேறு பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும், மீறினால் மரணம். பரிசோடு தெற்கே கிளம்பும் அரசர் வீட்டைக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டுப் போவது போல அதைச் செய்தார்.

தலைவர் அலஸ்டர் ஆர்கைல் பிரபுவிடம் சரணடைந்தார். ஸ்காட்லாந்து மண்ணைத் தாண்டிப் பத்திரமாக இங்கிலாந்தில் கொண்டுபோய் விடுவேன் என்று பிரபு வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குத் தவறவில்லை என்று சொல்லிக்கொள்வதற்காக, அலஸ்டரை எல்லையைத் தாண்டிக் கூட்டிப்போய், அங்கேயே திருப்பி எடின்பரோவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1604 ஜனவரி 20-ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். தலைவர் என்பதைக் காட்ட, கூடத் தூக்கிலிடப்பட்டவர்களைவிட அவரை ஓர் ஆள் உயரம் மேலே தொங்கவிட்டதாக அந்தக் காலத்து நாட்குறிப்பு ஒன்று சொல்கிறது.

அதன் பின் வந்த சட்டங்களை வரிசையாகப் படித்தால், ஒரு பெயரை அழிப்பது எவ்வளவு கடினம் என்பது அரசுக்கே புரிந்துகொண்டு வருவது தெரியும். 1613-இல் ஒரு விதி வந்தது: முன்பு மக்ரெகராக இருந்தவர்கள் நாலு பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக் கூடாது, இறைச்சி வெட்ட வைத்திருக்கும் கத்திக்குக்கூட முனை இருக்கக் கூடாது. 1617-இல் நாடாளுமன்றம் கவலைப்பட்டது: சட்டம் போட்டபோது சிறுவர்களாக இருந்தவர்கள் இப்போது வளர்ந்துவிட்டார்கள், பழைய பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அதனால் தடை அவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. 1633-இல் பிடி திருமுழுக்குத் தொட்டி வரைக்கும் போனது: எந்தப் பாதிரியாரும் ஆண் குழந்தைக்குக் கிரிகர் என்று பெயரிடக் கூடாது, எந்தப் பத்திர எழுத்தரும் அந்தப் பெயரில் பத்திரம் எழுதக் கூடாது. பத்திரம் எழுத முடியாதென்றால் கடன் வாங்க முடியாது, குத்தகை எடுக்க முடியாது, சொத்தை மகனுக்கு விட முடியாது. தூக்குக் கயிற்றைவிட இதுதான் அதிகக் குடும்பங்களைப் பெயர் மாற்ற வைத்திருக்கும்.

சரி, எந்தப் பெயரை எடுத்தார்கள்? பெரும்பாலும் யாருடைய நிலத்தில் இருந்தார்களோ, யார் அவர்களுக்கு ஜாமீன் நின்றார்களோ, அவர்கள் பெயரை. அதனால்தான் டிரம்மண்ட், மர்ரே, ஸ்டூவர்ட், கிரகாம், கிராண்ட் என்று பெயர்கள் சிதறிக்கிடக்கின்றன. கேம்பல் பெயரையே எடுத்தவர்களும் ஏராளம். நிலத்தைப் பறித்தவர்களின் பெயரைத் தன் பிள்ளைக்கு வைத்து, அதே பெயரில் தேவாலயத்தில் கையெழுத்துப் போட்டு, வீட்டுக்கு வந்ததும் கேலிக்கில் தன் முன்னோரின் பெயரைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஏடு ஆங்கிலத்தில் இருந்தது, வீடு கேலிக்கில் இருந்தது. பெயர் பிழைத்ததற்கு இந்த இரட்டை மொழி வாழ்க்கைதான் முக்கியக் காரணம் என்பேன்.

உள்நாட்டுப் போரில் மக்ரெகர்கள் அரசர் பக்கம் நின்றதற்காக இரண்டாம் சார்லஸ் 1661-இல் தடையை நீக்கினார். வில்லியம் மன்னர் காலத்தில், 1693-இல், அது திரும்ப வந்தது. ராப் ராய் மக்ரெகர் என்று கதைகளில் உலகம் அறிந்த மலைநாட்டுக் கலகக்காரர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தது இந்த இரண்டாம் தடைக்குள்தான். 1671-இல் பிறந்த அவர் தாய்வழிப் பெயரான கேம்பல் என்பதில் கணக்கு வழக்கு வைத்திருந்தார். 1712-இல் அவரைப் பிடிக்கச் சொல்லி எடின்பரோ பத்திரிகையில் வந்த அறிவிப்பிலும் அவர் ராபர்ட் கேம்பல்தான். ராப் ராய் மக்ரெகர் என்பது 'பொதுவாக அறியப்படும்' பெயர். 1734-இல் இறந்து பல்விதரில் புதைக்கப்பட்டார். இன்று அந்தக் கல்லறையில் 'அவர்கள் என்ன செய்தும் மக்ரெகர்' என்ற பொருளில் ஒரு வரி பொறிக்கப்பட்டிருக்கிறது.

1774-இல் தடை முற்றாக நீங்கியது. ஆனால் நான்கைந்து தலைமுறை கடந்துவிட்டதே. திரும்பப் பெயர் மாற்றிக்கொள்வது எல்லோருக்கும் எளிதாக இல்லை. தலைவரே இல்லாத குலம், மறுபடி ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 826 பேர் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட தலைவரின் பெயர் ஜான் மர்ரே. கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள நிர்வாகத்தில் பெரிய பதவி வகித்துப் பணம் சேர்த்துத் திரும்பியவர். மக்ரெகர் குலத்தின் மறுபிறப்புக்கு வங்காளத்தில் சேர்த்த செல்வம் உதவியது என்பதை ஸ்காட்லாந்துக் குல வரலாறுகள் லேசாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகின்றன. நாம் கடக்க வேண்டியதில்லை. அவர் மகன் ஈவன், 1822-இல் அதிகாரபூர்வமாக மக்ரெகர் பெயரைத் திரும்ப எடுத்தார். அதே ஆண்டு நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது, ஸ்காட்லாந்தின் முடியையும் செங்கோலையும் காவல் காத்துப் போன ஊர்வலத்தில் மக்ரெகர்கள் இருந்தார்கள்.

பெயர் கடல் தாண்டிய கதையை இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான் விளங்கும். தடைக்காலத்தில் வெளியேறியவர்கள் பலர் மக்ரெகராகப் போகவே இல்லை. ஆனால் ஸ்காட்லாந்துச் சட்டம் ஸ்காட்லாந்தோடு முடிந்துவிடும். அயர்லாந்தின் வடக்கே அகடோவியில் பாதிரியாராக இருந்த ஜேம்ஸ் மக்ரெகர், 1718-இல் தன் சபையாரோடு பாஸ்டனுக்குக் கப்பலேறி, அடுத்த ஆண்டே நியூ ஹாம்ப்ஷயரில் நட்ஃபீல்ட் என்ற குடியேற்றத்துக்குப் போதகரானார். பின்னால் லண்டன்டெரி என்று பெயர் மாறிய ஊர் அது. ஊரில் பெயர் தடைசெய்யப்பட்டிருந்த அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் அவர் அந்தப் பெயரோடு பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். தங்களை ஐரிஷ்காரர்கள் என்று அழைப்பது வியப்பாக இருக்கிறது என்று ஆளுநருக்கு அவர் எழுதிய கடிதமும் இருக்கிறது.

இன்னொரு ஜேம்ஸ் மக்ரெகரும் பாதிரியார்தான். 1759-இல் பெர்த்ஷயரில் பிறந்து, 1786-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிக்டூ ஊருக்குப் போனவர். அவருடைய முழுப்பெயர் ஜேம்ஸ் டிரம்மண்ட் மக்ரெகர். தடைக்காலத்தின் தழும்பு அந்த நடுப்பெயரிலேயே இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியிருந்தவர்களுக்கு கேலிக்கில் பிரசங்கம் செய்தார், கேலிக்கில் பாட்டெழுதினார். 1788-இல், அடிமை வைத்திருந்த சக பாதிரியார் ஒருவரைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். ஒரு பெண்ணின் விடுதலைக்குத் தன் சொற்பச் சம்பளத்திலிருந்தே பணம் கொடுத்தார்.

இதே பெயரோடு ஒரு பெரிய மோசடிக்காரரும் உண்டு. கிரிகர் மக்ரெகர், 1786-இல் பிறந்தவர், தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் கேப்டன், தாத்தா டிரம்மண்ட் என்ற பெயரில் ராணுவத்தில் இருந்தவர். வெனிசுவேலா விடுதலைப் போரில் சண்டையிட்டுவிட்டு லண்டன் திரும்பி, மத்திய அமெரிக்கக் கரையில் 'போயாய்ஸ்' என்று ஒரு நாடு இருப்பதாகவும் தானே அதன் தலைவர் என்றும் சொல்லி நிலமும் கடன் பத்திரமும் விற்றார். 1822, 1823-இல் இரண்டு கப்பல்களில் போன சுமார் 250 பேர் வெறும் காட்டில் இறங்கினார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தங்கள் நிலத்தை ஒரு தோல் பத்திரத்தால் இழந்த குலத்தில் பிறந்தவர், இல்லாத நிலத்துக்குப் பத்திரம் விற்றார். ஏமாந்தவர்களில் நிறையப் பேர் ஸ்காட்லாந்தின் சாதாரணக் குடும்பங்கள் என்பதுதான் இதில் மனதை அதிகம் வருத்துகிறது.

கிரெக், கிரெகரி போன்ற பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அபர்டீன் பக்கத்து கிரெகரி குடும்பம் தாங்கள் மக்ரெகர் வழி என்றே சொல்லிவந்தது. பத்துக்கும் மேற்பட்ட பேராசிரியர்களைத் தந்த வீடு அது. அதில் பிறந்த கணித மேதை ஜேம்ஸ் கிரெகரி 1671-இல் ஒரு கடிதத்தில் எழுதிய முடிவிலாத் தொடர், கேரளத்தின் சங்கமகிராம மாதவன் அவருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் முன்பே கண்டறிந்தது. இன்று கணித நூல்கள் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கின்றன. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையிலிருந்து அலெக்சாண்டர் கிரெக் என்பவர் நார்வேயின் பெர்கனுக்குப் போய் வணிகரானார். உள்ளூர்க்காரர்கள் சரியாக உச்சரிக்க வேண்டும் என்று எழுத்தை இடம் மாற்றிக் கிரீக் என்று வைத்துக்கொண்டார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக். ஃபோர்த் கழிமுகத்தின் இன்வர்கீதிங்கில் பிறந்த சாமுவேல் கிரெக் ரஷ்யக் கடற்படையின் அட்மிரலானார், பேரன் அந்நாட்டின் நிதியமைச்சரானார்.

இங்கே கவனமாக இருக்க வேண்டும். கிரெக் என்ற பெயர்கொண்ட எல்லோரையும் ஒளிந்திருந்த மக்ரெகர் என்று சொல்லிவிடுவது தவறு. கிரெகரி என்பது கிறிஸ்தவ உலகம் முழுக்க வழங்கிய பெயர். 1603-க்கு முன்பே ஸ்காட்லாந்தின் கிழக்குத் தாழ்நிலத்தில் கிரெக்குகள் இருந்தார்கள். அவர்களுக்கும் கிளென் ஆர்க்கிக்கும் தொடர்பு இருந்திருக்க வேண்டியதே இல்லை. நினைவுப் பொருள் விற்கும் கடைகளில் எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒரு குலமும் அதற்கொரு கட்டம்போட்ட துணியும் எடுத்துக் கொடுப்பார்கள். அதை நம்பி வம்ச மரம் வரையக் கூடாது.

இந்தப் பெயர் ஃபிஜிக்கும் போனது. அபர்டீன்ஷயரில் பண்ணைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, டாக்டருக்குப் படித்து, ஃபிஜியின் தலைமை மருத்துவ அதிகாரியான வில்லியம் மக்ரெகர். 1884 மே 11-ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிவந்த 'சிரியா' என்ற கப்பல் நசிலாய்ப் பாறையில் மோதி உடைந்தது. மீட்புக்குத் தலைமை தாங்கிய மக்ரெகர் தானே அலைக்குள் இறங்கி ஆட்களைத் தூக்கிவந்தார். 59 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். ஆல்பர்ட் பதக்கம் அதற்காகத்தான் அவருக்குக் கிடைத்தது. கப்பலில் வந்தவர்களின் ஒப்பந்தச் சீட்டில் அவர்களுடைய பெயர், தகப்பன் பெயர், ஊர் பதிவாகியிருக்கும். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதிய அந்தப் பெயர்களே பின்னால் பல ஃபிஜி இந்தியக் குடும்பங்களின் குடும்பப் பெயராக நின்றுவிட்டன. 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. அவற்றில் தமிழர்களும் தெலுங்கர்களும் இருந்தார்கள். தங்கள் தாத்தாவின் பெயரைத் தேடும் அவர்களுடைய வாரிசுகளும் குமாஸ்தாவின் கையெழுத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

கரீபியத் தீவுகளில் நிலைமை இன்னும் கடுமை. தோட்டக் கணக்கேடுகளில் அடிமைகளுக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். குடும்பப் பெயர் பின்னால்தான் வந்தது. பல சமயம் முதலாளியின் பெயர், சில சமயம் தகப்பனின் பெயர், சில சமயம் தாமே தேர்ந்தெடுத்தது. ஜமைக்காவில் கேம்பல் மிகப் பரவலான பெயர். அங்கே மக்ரெகர்களும் உண்டு. 1822-இல் குலத்தின் பெயரை மீட்ட அதே ஈவன் மக்ரெகர் பின்னாளில் பார்படோஸின் ஆளுநர். அடிமை முறை ஒழிந்த பிறகும் பழைய முதலாளிக்கே வேலை செய்ய வைத்த கட்டாயப் பணிப் பயிற்சிமுறை 1838-இல் முடிந்து விடுதலை முழுமையானபோது அங்கே ஆட்சியில் இருந்தவர் அவர்.

சரி, இன்று ஒருவர் தன் மக்ரெகர் வேரைத் தேடினால் எப்படிப் போவது? 1855 முதல் ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு இருக்கிறது. அதில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் வரும். ஸ்காட்லாந்துப் பெண்கள் ஆவணங்களில் தங்கள் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை என்பதால் அது பெரிய உதவி. அதற்கு முன் தேவாலயப் பதிவேடுகள். அங்கே மக்ரெகரைக் காணோம் என்றால் ஆளைத் தேடுவதை விட்டுவிட்டு ஊரைத் தேட வேண்டும்: எந்தப் பள்ளத்தாக்கு, யாருடைய நிலம், அந்த நிலக்காரரின் பெயர் என்ன. அந்தப் பெயரின் கீழ் அதே பண்ணையில், அதே ஞானப்பெயர்களோடு ஒரு குடும்பம் இருந்தால் அங்கே நின்று பார்க்கலாம்.

சமீப காலமாக மரபணுவும் துணைக்கு வருகிறது. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம், குடும்பப் பெயர் போகும் அதே பாதையில் போகிறது. மக்ரெகர்களிடம் பரவலாகக் காணப்படும் ஒரு குறிப்பிட்ட ஒய் வகை, வேறு குடும்பப் பெயர் கொண்டவர்களிடமும் கிடைத்திருக்கிறது. அதே சமயம் மக்ரெகர் என்று பெயர் வைத்திருக்கும் எத்தனையோ பேரிடம் அது இல்லை. அவர்களுடைய முன்னோர் தலைவருக்குக் கட்டுப்பட்டு அந்தப் பெயரைச் சேர்த்துக்கொண்டவர்களாக இருக்கலாம், தாய்வழியில் பெற்றவர்களாக இருக்கலாம், தத்துப்பிள்ளைகளாக இருக்கலாம். அவர்களும் 1603-க்குப் பிறகு அதே தண்டனைக்குப் பயந்து அதே மலைகளில் ஒளிந்தவர்கள்தான். மன்றத்தின் ஆணை யாருடைய இரத்தத்தையும் சோதித்துப் பார்க்கவில்லை, பெயரைத்தான் கேட்டது.